கிலோவுக்கு இருபத்தைந்து

தண்டையார்பேட்டையில் வேதமாணிக்கம் அண்ணாச்சியின் சாப்பாட்டுக் கடைக்குள் மலர் மீன் டப்பாவோடு நுழைந்தபோது, அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஏறி நின்று தள்ளாடிக்கொண்டிருந்தார். சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த விலைப் பலகையை எட்டுவதற்காக ஏறியிருக்கிறார். பல்லிடுக்கில் ஒரு ஸ்டிக்கரைக் கடித்துக்கொண்டிருந்ததால் வாய் திறந்து பேச முடியவில்லை. கையால் சாடை காட்டினார். மலர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மீன் சாப்பாடு என்று எழுதியிருந்த வரிக்கு நேராக அண்ணாச்சி புது விலையை ஒட்டினார். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டிக்கர்கள் ஒட்டி ஒட்டித் தடித்துப்போயிருந்தது. புதியது சரியாகப் படியாமல் ஓரம் தூக்கிக்கொண்டது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு இறங்கினார். நீ பிடிக்காவிட்டால் நான் விழுந்திருப்பேன் அம்மா என்று நன்றி வேறு சொன்னார்.

மலரும் சிரித்துவைத்தாள். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. அந்த மீனை அறுத்துக் கொடுக்கிறவள் அவள். கொரோனாவுக்கு முந்தின வருஷம் பேசிய கூலி, கிலோவுக்குப் பதினைந்து ரூபாய், இன்றைக்கும் அதேதான். மீன் விலை ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, அண்ணாச்சியின் பலகையும் ஏறிவிட்டது. அந்தப் பலகை ஏறும்போது விழாமல் இருக்க ஸ்டூலைப் பிடித்துக் கொடுத்தவளும் அவளேதான். ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. திருவொற்றியூர் வருவதற்குள் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

மலர் திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். புருஷன் குமாரவேல் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். கல்யாணமான புதிதில் அவளும் மற்றவர்களைப் போலக் கூடை தூக்கினாள். ஆனால் தெருவில் கூவி விற்கிற வாய் அவளுக்கு இல்லை. யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் முழு வஞ்சிரம் வாங்கிய ஒருவர் அறுக்க ஆள் தேடியபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளே அறுத்துக் கொடுத்தாள். வாய்க்கு வராதது கைக்கு வந்தது. அதற்குப் பிறகு காசிமேட்டு மார்க்கெட்டில் மீன் அறுக்கும் பெண்களின் வரிசையில், தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே ஒரு மரக்கட்டையும் கத்தியும் போட்டு உட்கார்ந்துவிட்டாள். செதில் சீவி, செவுள் பிடுங்கி, குடல் எடுத்து, கழுவி, கேட்ட அளவுக்குத் துண்டு போட்டுத் தருவது. ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும்.

வந்துபோகிறவர்களுக்கு அறுத்தது போக, மூன்று பேருக்கு மொத்தமாக அறுத்துக் கொடுக்கும் வாடிக்கை அமைந்தது. ஒருவர் அண்ணாச்சி. இன்னொருவர் ராயபுரத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் மஜீது பாய். மூன்றாமவர் பொன்னுரங்கம். எண்ணூர்ப் பக்கம் மூன்று கம்பெனிகளில் கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறவர். மலரின் வேலையில் பாதி அவருடையது. முதன்முதலில் மொத்த வேலை கொடுத்ததும் அவர்தான். அந்த வேலை வந்த பிறகுதான் துணைக்கு ராமசெல்வியை நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது.

ஸ்டூல் பிடித்த நாலாம் நாள் மலர் மஜீது பாயிடம் கூலியைப் பற்றிப் பேசப் போனாள். போகும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். சிலிண்டர் விலை, மகளுடைய ஸ்கூல் பீஸ், மீன்பிடித் தடைக்காலத்தில் புருஷனுக்கு வேலையில்லாமல் இருப்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பாய் நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவருடைய கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கடை வாடகை, ஆன்லைனில் ஆர்டர் எடுக்கிறவன் பிடித்துக்கொள்ளும் கமிஷன், தங்கச்சி வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன். அவர் முடிப்பதற்குள் மலருக்கே கண் கலங்கிவிட்டது. கூலி கேட்கப் போனவள் ஆறுதல் சொல்லிவிட்டு, பாய் கட்டிக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு திரும்பினாள்.

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த குமாரவேலிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மலர் பொட்டலத்தை அவன்மேல் எறியப் போனாள். அவன் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"ஏலக்காரன் எங்கனா தன் வூட்டுக் கஷ்டத்த சொல்லிகினா ஏலம் வுடுறான்? மீனக் காட்றான், வெலயச் சொல்றான், வாய மூடிகினு நிக்கிறான். எடுக்கிறவன் எடுக்கப்போறான். நீ இன்னாத்துக்கு மே சிலிண்டர் கதெல்லாம் சொல்ட்டு வந்த?"

மலர் அன்றைக்குப் பிரியாணி சாப்பிடும்போதும், மறுநாள் மீன் அறுக்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டாள். மறுபாதியை அவளே சேர்த்தாள். எதைக் கேட்பது என்பதைப் போலவே எப்போது கேட்பது என்பதும் முக்கியம். இது தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கிறது. அறுக்கிறவர்கள் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது கேட்டால் எவளாவது பத்து ரூபாய்க்குக் கூட வருவாள். தடை முடிந்து படகுகள் இறங்கிவிட்டால் மார்க்கெட்டில் மீன் குவியும், அறுக்கக் கை போதாது. அதுவரை பொறுத்தாள்.

ஜூன் நடுவில் தடை முடிந்து படகுகள் இறங்கியதும் முதலில் அண்ணாச்சி கடைக்குப் போனாள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் அடங்கிய நேரம். கல்லாவில் அண்ணாச்சியின் மனைவி ஞானசெல்வி உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து கிலோவுக்கு இருபத்தஞ்சு" என்றாள் மலர்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள். சிலிண்டர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஸ்கூல் பீஸ் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. இருபது கொடுங்கள் போதும் என்று சொல்லிவிடத் துடித்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி நின்றாள்.

அண்ணாச்சி வெற்றிலையை வாயில் போட்டு மெதுவாக மென்றார். பதில் சொன்னது ஞானசெல்விதான்.

"கொடுத்துருவோம். ஏட்டி மலரு, இதக் கேக்க உனக்கு இத்தன வருசமா? எப்பக் கேப்பா, எப்பக் கேப்பான்னு நானும் இவ்வோகிட்ட சொல்லிக்கிட்டேதான் கெடக்கேன்."

அண்ணாச்சி ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். வாயில் வெற்றிலை இருந்ததால் வேறொன்றும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. வெளியே வந்தபோது மலருக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாண்டை அடைவதற்குள் அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே கோபம் ஒன்று கிளம்பியது. அண்ணாச்சிமேல் பாதி, தன்மேல் பாதி. எப்போது கேட்பாள் என்று காத்திருந்தார்களாம். கேட்காமலே கொடுத்திருந்தால் கை வெந்தா போயிருக்கும்? அன்று வீட்டுக்குப் போய்க் காரணமில்லாமல் பாத்திரங்களை ஓசைப்படுத்திக் கழுவினாள். குமாரவேல் எதற்கு வம்பு என்று கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

மஜீது பாயிடம் இரண்டாம் முறை போனபோது அவள் உட்காரவே இல்லை. பாய் யோசித்தார். இருபதாக வைத்துக்கொள்ளலாமே என்றார். மலர் விலையில் இறங்கவில்லை, வேலையைக் குறைத்தாள். பதினைந்தே இருக்கட்டும், செதிலும் குடலும் எடுத்துத் தருகிறேன், துண்டு போடுவதை உங்கள் ஆளே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். நியாயமாகத்தான் இருக்கிறது என்று பாய் ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் போனது. அவருடைய சமையல்காரர் சௌக்கத் அலி, பிரியாணி அடுப்பைப் பார்ப்பதா, பாறை மீன் முள்ளோடு மல்லுக்கு நிற்பதா என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டாராம். பாயே போன் செய்து, பழையபடி துண்டு போட்டே அனுப்பிவிடு, இருபத்தைந்து தருகிறேன் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது.

பொன்னுரங்கம்தான் மிச்சம். அவரிடம் சொல்ல மலர் பயந்தாள். அவர் கத்துவார் என்பதற்காக இல்லை. கொரோனா காலத்தில் கேன்டீன் மூடிக் கிடந்தபோதும் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பியவர். அந்த நன்றி அவள் நெஞ்சில் நிஜமாகவே இருந்தது.

மார்க்கெட்டுக்கு பைக்கில் வந்தவரிடம் எழுந்து நின்று சொன்னாள். அவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

"இன்னா மலரு, பொயப்பு குடுத்தவன்கிட்டயே கத்தி வெக்கிற?"

"மொத மொத வேல குடுத்தது நீதாண்ணே. அத்த நான் மறக்கல. எத்தினி பேரு வந்து நின்னாலும் ஒன் மீனதான் மொதல்ல அறுப்பேன். ரேட்டு மட்டும் இருபத்தஞ்சு."

"மறக்கலன்னா கொறச்சிக்க."

மலர் பேசாமல் நின்றாள். இந்த முறை மௌனம் வேலை செய்யவில்லை. பொன்னுரங்கம் பைக்கை வரிசையோடு உருட்டிக்கொண்டு போய், நாலு கட்டை தள்ளி உட்கார்ந்திருந்த மங்கம்மாவிடம் நிறுத்தினார். மங்கம்மா மலரைவிட மூத்தவள். மகளுக்குப் பிரசவ நேரம், கையில் துட்டு இல்லாத நேரம். பதினைந்துக்குச் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து மலரின் கட்டைக்கு முன்னால் பாதி டப்பாக்கள் இல்லை. ராமசெல்வி வேலை சீக்கிரம் முடிந்துபோகும் நேரத்தில் கத்தியைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். மங்கம்மா அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கெட்டுப்போச்சே, இருபதுக்காவது இறங்கியிருக்கலாமே என்று ஓர் எண்ணம் தினமும் வந்துபோனது. ராமசெல்விக்கு மட்டும் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்துவந்தாள். அந்த இரண்டு வாரம் வீட்டில் குழம்புக்குக் கடையில் விலைபோகாத பொடி மீன்தான்.

அந்த வெறுமையான நேரத்தில்தான் உமைமா வந்தாள். ராயபுரத்துப் பெண். வீட்டிலிருந்தபடியே போனில் ஆர்டர் எடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மீன் அனுப்புகிற தொழிலை ஒரு வருஷமாகச் செய்கிறாள். அவள் வரிசையில் ஒவ்வொரு கட்டையாக நின்று பார்த்துக்கொண்டே வந்து, மலரின் கட்டைக்கு முன்னால் அதிக நேரம் நின்றாள். அக்கா, எனக்கு மீன் சுத்தமாகக் கழுவி, சின்னத் துண்டாக, கறுப்புத் தோல் எடுத்து, அரைக் கிலோ பாக்கெட்டாக வேண்டும், எவ்வளவு கேட்பீர்கள் என்றாள்.

இருபத்தைந்து என்று சொல்லத்தான் மலர் வாயெடுத்தாள். ஆனால் இது வேறு வேலை. தோல் உரிக்க வேண்டும், பாக்கெட் போட வேண்டும், கழிவும் அதிகம். வாய் தானாகவே "நாப்பது" என்றது.

"சரிக்கா" என்றாள் உமைமா. "நாளைக்கே ஆரம்பிக்கலாமா?"

அவள் போனபிறகு ராமசெல்வி மலரை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் உமைமாவின் ஆர்டர் பொன்னுரங்கத்தின் டப்பாக்கள் இருந்த இடத்தை நிரப்பிவிட்டது. எடை அதில் பாதிதான், வரும்படி அதைவிட அதிகம்.

மங்கம்மாவின் பாடு அதற்குள் திண்டாட்டமாகிவிட்டது. அவள் கை மட்டமான கை இல்லை. ஆனால் துணைக்கு ஆளில்லாமல் ஒற்றையாக மூன்று கேன்டீனுக்கு அறுக்க வேண்டும். பதினைந்தில் ஆள் வைத்தால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. மீன் ஏற்ற வந்த கேன்டீன் வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பான். அவசரத்தில் ஒரு துண்டு உள்ளங்கை அகலம், இன்னொன்று வாலோடு விரல் அகலம் என்று விழும். கேன்டீனில் ஷிப்ட் முடிந்து பசியோடு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? அவனுக்கு நடுத்துண்டு, எனக்கு வாலா என்று ஒருநாள் தகராறு முற்றி, யூனியன்காரர் ஒருவர் இரண்டு துண்டையும் ஒரே தட்டில் வைத்து மேனேஜர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தக் கதை வேன்காரன் மூலமாக மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தது.

அன்று மலர் இரண்டு டீ வாங்கிக்கொண்டு மங்கம்மாவின் கட்டைக்குப் போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"நீ வுட்டுட்டியேன்னுதான் நான் எடுத்தேன்" என்றாள் மங்கம்மா டீயை வாங்கிக்கொண்டே.

"எனக்கு ஒண்ணும் கோவமில்லக்கா. நீயே வெச்சிக்க. ஆனா இந்தத் துட்டுக்கு வெச்சிக்காத. எனக்கு அண்ணாச்சி தரார், பாய் தரார். ஒனக்கு மட்டும் இன்னாத்துக்குப் பதினஞ்சு?"

மங்கம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இருபத்தைந்தா தருகிறார்கள், நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்துக் கட்டைக்காரி அறுப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கப் பேச்சு அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பொன்னுரங்கம் வந்தார். நேராக மலரிடம்தான் வந்தார். இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சரி வுடு மலரு. இருபத்தஞ்சே வெச்சிக்கலாம். நாளைலேர்ந்து பழையபடி நீயே எடுத்துக்க."

அந்த நிமிஷத்துக்காகத்தான் இரண்டு வாரம் பொடி மீன் தின்றாள் என்று சொல்லலாம். ஆனால் அவளுக்குத் துள்ளத் தோன்றவில்லை. கையிலிருந்த சங்கரா மீனின் செதிலைச் சீவி முடித்தாள்.

"முடியாதுண்ணே. இப்ப கை ரொம்பிக் கீது. வாரத்துல ரெண்டு நாளு ஒரு கேன்டீனுக்கு அறுத்துத் தரேன். மிச்சத்த மங்கம்மாக்காகிட்டயே குடு. அவங்க தொணைக்கு ஆள் வெச்சிக்கினு ஒயுங்கா செஞ்சி தருவாங்க."

பொன்னுரங்கம் வரிசைப் பக்கம் திரும்பினார். மங்கம்மா தலை நிமிரவில்லை. கத்தியை மீனில் இறக்கிக்கொண்டே, "இருபத்தஞ்சு" என்றாள். அடுத்த கட்டைக்காரியை அவர் இன்னும் கேட்கவே இல்லை. அவளும் இருபத்தைந்து என்றாள். அதற்கு அடுத்தவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரிசைக் கடைசி வரைக்கும் சிரிப்பு ஓடியது.

"இன்னா, சங்கம் வெச்சிட்டீங்களா?" என்றார் பொன்னுரங்கம்.

"சங்கமெல்லாம் இல்லண்ணே. வெல ஏறிப்போச்சி. கம்பெனிக்காரன்கிட்ட நீ சாப்பாட்டு ரேட்ட ஏத்தாமயா கீற?"

அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். போன வருஷமே ஏற்றியிருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தவர், தோற்றாலும் மனுஷத்தனத்தோடு தோற்றார். வரிசைக்கே டீ சொல்லிவிட்டு, மங்கம்மாவின் கட்டை முன்னால் கவிழ்த்து வைத்த ஒரு டப்பாமேல் உட்கார்ந்து, எந்தக் கேன்டீனுக்கு எத்தனை துண்டு என்று பேச ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அந்த வரிசையில் மொத்த வேலைக்கு இருபத்தைந்துதான் ரேட். யாரும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வருகிற ஓட்டல்காரர்கள் முதல் கட்டையில் கேட்டாலும் கடைசிக் கட்டையில் கேட்டாலும் ஒரே பதில்தான். மலர் முதல் வேலையாக ராமசெல்வியின் சம்பளத்தை உயர்த்தினாள். அதை ராமசெல்வி கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. பிறகு இடுப்பு வலி தீர, நின்று அறுக்கிற மாதிரி உயரமான ஸ்டீல் மேஜை ஒன்று வாங்கிப் போட்டாள்.

மூன்றாவதாகச் செய்ததுதான் குப்பத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். திங்கட்கிழமை லீவு என்று அறிவித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம், அன்றைக்கு விட முடியாது. திங்கள் அவளுடையது. தொழிலுக்கு வந்ததிலிருந்து உடம்புக்கு முடியாமல் படுத்த நாளைத் தவிர அவள் லீவு போட்டதில்லை.

முதல் திங்கட்கிழமை குமாரவேல் கடலுக்குப் போயிருந்தான், மகள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். என்ன செய்வதென்று மலருக்குத் தெரியவில்லை. வீட்டை இரண்டு தரம் பெருக்கினாள். பிறகு கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் தலைக்குமேல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த மெட்ரோவில் போய் ஏறினாள். எங்கே போக வேண்டும் என்று டிக்கெட் கொடுக்கிறவர் கேட்டபோது, கடைசி வரைக்கும் என்றாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேலிருந்து பார்க்க ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருந்தது. வீட்டு மொட்டைமாடிகளில் காயும் துணிகள், அதற்கு அப்பால் கன்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசை, அதற்கும் அப்பால் வெயிலில் தகடு மாதிரி கடல். கூடை சுமந்து நடந்த ரோடு கீழே சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. யாரோ புது ஆள், கொருக்குப்பேட்டையில் மெஸ் ஆரம்பிக்கிறாராம், இன்றைக்கே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"இன்னிக்கி லீவுங்க" என்றாள் மலர், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "நாளைக்கி வாங்க, பேசிக்கலாம்."